உள்ளே தங்கக்கூடிய சிறு டிரெய்லரை இழுக்க: ஒடிசியா, ரிட்ஜ்லைனா?

அமெரிக்காவில் விற்கும் இந்த இரண்டு ஹோண்டாக்களிலும் 3.5 லிட்டர் வி6 எஞ்சின், 280 குதிரைத்திறன். ஆனால் ஒடிசி மினிவேனின் இழுவை வரம்பு 3,500 பவுண்டு. ரிட்ஜ்லைன் பிக்கப்புக்கு 5,000.

அந்த எண்ணை மட்டும் நம்பி முன்பணம் கட்டிவிடாதீர்கள். டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் வண்டியின் கொக்கிமேல் அழுத்தும். 3,000 பவுண்டு டிரெய்லர் என்றால் குறைந்தது 300 பவுண்டு. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரைப் படியுங்கள்: ஆட்கள், பெட்டிகள், இந்த அழுத்தம் எல்லாம் அதிலுள்ள ஒரே எடைக்குள் அடங்க வேண்டும். ஏழு பேர் ஏறிய ஒடிசியில் மிஞ்சுவது சொற்பமே.

ஒடிசி முன்சக்கர இயக்க வண்டி. பின்பக்கம் அழுந்தினால் முன்சக்கரங்களின் பிடி தளரும். ஈரப்புல் மேட்டில் திணறும். ரிட்ஜ்லைனில் 2021 முதல் எல்லா மாடல்களிலும் நான்கு சக்கர இயக்கம். நாற்றமடிக்கும் பெட்ரோல் கேனையும் பின்தொட்டியில் போட்டுவிடலாம்.

சுமார் 1,500 பவுண்டு எடையுள்ள 13 அடி ஃபைபர்கிளாஸ் டிரெய்லர், கூடவே குழந்தைகள் என்றால் ஒடிசியே என் தேர்வு. மற்ற நாள்களில் அந்தச் சறுக்குக் கதவுகளுக்கு ஈடில்லை. குளியலறை வைத்த டிரெய்லர் 3,000 பவுண்டைத் தாண்டினால் யோசிக்காமல் ரிட்ஜ்லைன். டிரெய்லரில் மின்பிரேக் இருந்தால், எந்த வண்டியானாலும் அதற்கான கட்டுப்பாட்டுக் கருவியைத் தனியாக வாங்கிப் பொருத்த வேண்டும்.