ஒரே சொல், வேறு வேறு விளைவு: தூரத்துச் சேமிப்பகத்தில் ஃபைல் அழிக்கும் கட்டளைகள்

சர்வரில் 'பழைய லாக்' என்று நடுவில் இடைவெளி விட்டுப் பெயர் வைத்த ஒரு ஃபோல்டர் இருந்தது. அதை அழிக்க, பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டு தூரத்து மெஷினில் கட்டளை ஓட்ட உதவும் எஸ்எஸ்ஹெச் (ssh) வழியாக, ஃபோல்டரை உள்ளே இருப்பதோடு அழிக்கும் 'ஆர்எம் -ஆர்எஃப்' (rm -rf) கட்டளையை அனுப்பினேன். எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை. உள்ளே போய்ப் பார்த்தால் 'பழைய லாக்' அப்படியே இருக்கிறது. பக்கத்தில் இருந்த 'லாக்' ஃபோல்டரைக் காணோம். எனக்குத் தேவைப்பட்டது அதுதான்.

நான் போட்ட மேற்கோள் குறியை என் லேப்டாப்பின் ஷெல்லே (கட்டளைகளைப் படித்து ஓட்டும் நிரல்) உரித்துவிட்டது. மிச்சத்தை எஸ்எஸ்ஹெச் ஒரே வரியாகக் கோத்து அனுப்ப, அந்தப் பக்கத்து ஷெல் இடைவெளியைப் பார்த்து மறுபடி வெட்டியிருக்கிறது: 'பழைய' ஒன்று, 'லாக்' ஒன்று. 'பழைய' என்று அங்கே எதுவும் இல்லை. இல்லாததைப் பற்றிப் புகார் செய்யாதே என்னும் 'எஃப்' போட்டிருந்ததால் ஆர்எம் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. 'லாக்' இருந்தது, அழித்துவிட்டது. கட்டளை முழுவதையும் ஒற்றை மேற்கோளில் சுற்றி, பெயரை மட்டும் உள்ளே இரட்டை மேற்கோளில் வைத்திருந்தால் தப்பித்திருக்கும்.

அன்றிலிருந்து அழிக்கும் கருவிகளை நான் ஒரே கேள்வியால்தான் அளக்கிறேன்: எதை அழிக்கப்போகிறது என்று முன்கூட்டியே காட்டுமா?

எஸ்எஸ்ஹெச்சும் ஆர்எம்மும் இதில் கடைசி வரிசை. வேகத்தில் குறை சொல்ல முடியாது. வேலை சர்வரிலேயே நடக்கிறது, நெட்வொர்க்கில் போவது ஒரு வரிதான். ஆனால் ஆர்எம்முக்கு ஒத்திகை, அதாவது அழிக்காமல் பட்டியலை மட்டும் காட்டும் வசதி, கிடையாது. ஃபைல்களைத் தேடும் 'ஃபைண்ட்' (find) நல்ல மாற்று: முதலில் 'பிரிண்ட்' போட்டுப் பட்டியலைப் பார்த்துவிட்டு, அதே வரியின் கடைசியில் 'டிலீட்' என்று மாற்றலாம். கடைசியில் என்பதை அழுத்திச் சொல்கிறேன். பெயர் நிபந்தனைக்கு முன்னால் 'டிலீட்' வந்துவிட்டால் நிபந்தனையைப் பார்க்காமலே எல்லாவற்றையும் அழித்துவிடும். இத்தனை கவனமாக இருந்தும், எந்த மெஷினில் நிற்கிறோம் என்பது தவறினால் எதுவும் உதவாது. 2017 ஜனவரி 31 அன்று நிரல்களைச் சேமித்துப் பகிரும் சேவை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் நடந்தது அதுதான். அழிக்க நினைத்தது ஒரு டேட்டாபேஸ் சர்வரில், கட்டளை ஓடியது இன்னொன்றில். ஓரிரு நொடிகளில் நிறுத்தியும் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது.

எஸ்எஸ்ஹெச் வழியே ஃபைல்களைக் கையாளும் எஸ்எஃப்டிபி (sftp) பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சோடு வரும் கிளையண்டில் ஃபோல்டரை உள்ளடக்கத்தோடு அழிக்க வழியில்லை, காலி ஃபோல்டரை மட்டுமே நீக்கும். ஷெல் அனுமதி இல்லாத சர்வரில் நிறைய அழிக்க வேண்டியிருந்தால் எல்எஃப்டிபி (lftp) என்ற கிளையண்டை வைத்துக்கொள்ளுங்கள்.

என் கை தானாகப் போவது, பல கிளவுட் சேமிப்பகங்களை ஒரே மாதிரி கையாளும் ஆர்குளோனிடம் (rclone). அங்கே அழிப்பதற்கே பல கட்டளைகள் இருப்பது முதலில் எரிச்சலாக இருக்கும், பழகினால் அதுதான் பாதுகாப்பு என்று தெரியும். 'டிலீட்' ஃபைல்களை அழிக்கும், காலியான ஃபோல்டர்களை விட்டுவைக்கும், வடிகட்டிகளுக்குக் கட்டுப்படும். 30 நாளுக்கு மேல் பழையது மட்டும், 100 எம்பிக்கு மேல் பெரியது மட்டும் என்று சொல்லலாம். 'டிலீட்ஃபைல்' ஒரே ஒரு ஃபைலை மட்டும் அழிக்கும், ஃபோல்டரைத் தொடாது. 'ஆர்எம்டிர்' காலி ஃபோல்டரை மட்டும் நீக்கும். 'பர்ஜ்' ஃபோல்டரையும் உள்ளே இருப்பதையும் மொத்தமாகத் துடைத்துவிடும். இந்த பர்ஜ் வடிகட்டிகளை மதிக்காது. 'இந்த ஃபோல்டரை மட்டும் விட்டுவிடு' என்று 'எக்ஸ்க்ளூட்' போட்டு பர்ஜ் ஓட்டினால் அந்த ஃபோல்டரும் போய்விடும். நானே உருவாக்கிய தற்காலிக ஃபோல்டரைத் தவிர வேறு எதற்கும் பர்ஜைத் தொடுவதில்லை.

டிலீட்டோடு 'டிரை-ரன்' சேர்த்தால் ஒவ்வொரு ஃபைலின் பெயரும் அளவும், ஒத்திகை என்பதால் தவிர்க்கப்பட்டது என்ற குறிப்போடு வரிசையாக ஓடும். எதிர்பாராத ஒரு பெயர் கண்ணில் பட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். 'இன்டராக்டிவ்' போட்டால் ஒவ்வொன்றுக்கும் கேட்டுக்கேட்டு அழிக்கும்.

அமேசானின் கிளவுட் சேமிப்பகமான எஸ்3-க்கு ஏடபிள்யூஎஸ் (அமேசானின் கிளவுட் பிரிவு) தரும் 'எஸ்3 ஆர்எம்' கட்டளையிலும் ஒத்திகை உண்டு, நடுவில் கோடு இல்லாமல் 'டிரைரன்' என்று எழுத வேண்டும். ஆர்குளோனிலிருந்து வருகிறவர்கள் கவிழ்கிற இடம் வேறு. .லாக் ஃபைல்களை மட்டும் அழிக்க 'இன்க்ளூட்' ஒன்றைப் போடுகிறீர்கள் என்று வையுங்கள். ஆர்குளோன் அதை 'இவை மட்டும், மற்றது வேண்டாம்' என்று எடுத்துக்கொள்ளும். ஏடபிள்யூஎஸ் கருவிக்கோ எல்லா ஃபைலும் தொடக்கத்திலேயே கணக்கில் உண்டு. இன்க்ளூட் மட்டும் போட்டால் எதுவும் வடிகட்டப்படாது. உள்ளே இருப்பதையும் சேர்த்து எடுக்கும் 'ரிகர்சிவ்' சேர்ந்தால் அந்த முன்னொட்டின் (ஃபைல் பெயர்களின் பொதுவான தொடக்கப் பகுதி) கீழ் இருப்பது அத்தனையும் போய்விடும். முதலில் நட்சத்திரக் குறியோடு எக்ஸ்க்ளூட், அதற்குப் பிறகு இன்க்ளூட்: இந்த வரிசையில்தான் எழுத வேண்டும். பின்னால் வருவதே செல்லும். ஒரே சொல்லுக்கு இரண்டு கருவிகளில் இப்படி எதிரெதிர் விளைவு என்பது என்னைப் பொறுத்தவரை இந்த ஒப்பீட்டில் எல்லாவற்றையும்விட ஆபத்தான இடம்.

கூகுள் கிளவுடில் வேறொரு பொறி. அதன் சேமிப்பகக் கருவியில் 'ஜிஎஸ்யூடில் ஆர்எம் -ஆர்' (gsutil rm -r) என்று எழுதி, பக்கெட் (ஃபைல்களை வைக்கும் மேல்நிலைக் கொள்கலன்) பெயரோடு நிறுத்திவிட்டால், உள்ளே இருப்பதோடு பக்கெட்டும் சேர்ந்து போகும். பக்கெட் மிஞ்ச வேண்டுமென்றால் பெயருக்குப் பின்னால் சாய்வுக்கோடும் இரண்டு நட்சத்திரமும் தேவை.

லட்சக்கணக்கில் ஃபைல் இருந்தால் என்ன செய்வது? சாதாரண சர்வரில், காலி ஃபோல்டர் ஒன்றை, ஃபோல்டர்களை ஒத்திசைக்கும் கருவியான ஆர்சிங்க்கின் (rsync) 'டிலீட்' ஆப்ஷனோடு அந்த ஃபோல்டர் மேல் ஒத்திசைப்பது பலர் கையாளும் வழி. 'என்' போட்டு ஒத்திகை பார்க்கலாம், 'மேக்ஸ்-டிலீட்' என்று எண்ணிக்கைக்கு வரம்பும் வைக்கலாம். ஆனால் வழக்கமான பேக்கப்பிலும் இதே ஆப்ஷன் இருக்கும். மூல டிஸ்க் மவுண்ட் ஆகாமல் (சிஸ்டத்தோடு இணையாமல்) காலியாகத் தெரிந்த ஒரு நாளில் அது பேக்கப்பையே காலி செய்துவிடும். அங்கே வரம்பு கட்டாயம் வேண்டும். எஸ்3 என்றால் கட்டளையையே ஓட்டாதீர்கள், முன்னொட்டுக்கு ஒரு லைஃப்சைக்கிள் விதி (குறித்த நாள் கடந்ததைச் சேவையே அழிக்கும் ஏற்பாடு) போடுங்கள். உடனே நடக்காது, ஆனால் உங்கள் டெர்மினல் திறந்திருக்க வேண்டியதில்லை.

வெர்ஷனிங் (ஃபைலின் பழைய பதிப்புகளையும் வைத்திருக்கும் வசதி) இயங்கும் எஸ்3 பக்கெட்டில் ஆர்எம் உண்மையில் எதையும் அழிப்பதில்லை. மேலே ஒரு 'டிலீட் மார்க்கர்' வைக்கிறது, அவ்வளவுதான். தவறாக அழித்தவருக்கு அது வரம். மார்க்கரை நீக்கினால் ஃபைல் திரும்பி வரும். இடத்தைக் காலி செய்ய வந்தவருக்கோ பழைய பதிப்புகள் அத்தனையும் பில்லில் தொடரும். 'எஸ்3 எல்எஸ்' காலியாகக் காட்டினாலும், 'எஸ்3ஏபிஐ லிஸ்ட்-ஆப்ஜெக்ட்-வெர்ஷன்ஸ்' ஒரு தடவை ஓட்டிப் பார்த்தால் அவை வரிசையாக அங்கே நிற்பது தெரியும்.