‘30 கிலோமீட்டர் பேசும்’ வாக்கி டாக்கி: காசைக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

காரைக்குடிப் பக்கம் ஒரு கோயில் விழாக் குழு எட்டு வாக்கி டாக்கி, ஓரிடத்தில் நிலையாக வைத்துப் பேசும் 25 வாட் பேஸ் செட் ஒன்று, மாடியில் நிறுத்த ஓர் ஆன்டெனா, 30 மீட்டர் கேபிள் என்று மொத்தமாக ஒருவரிடம் வாங்கியது. விற்றவர் மூன்று விஷயம் சொன்னார். “கையில வச்சிருக்கிற செட்டே 30 கிலோமீட்டர் பேசும்ணே.” “பேஸ் போட்டுட்டா தேவகோட்டை தாண்டியும் கிளியரா கேக்கும்.” “இதுக்கு லைசென்ஸே வேண்டாம்ணே.” மூன்றும் பொய்.

தேரோட்டத்தன்று தேரடிக்கும் அன்னதானக் கொட்டகைக்கும் இடையே ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. அதற்கே பேச்சு எட்டவில்லை. செல்போனை எடுத்தால் அந்தக் கூட்டத்தில் டவரும் கிடைக்கவில்லை. திருவிழாவில் குழந்தை காணாமல் போனாலோ, வெயிலில் வயதானவர் மயங்கி விழுந்தாலோ இந்தச் செட்டை நம்பித்தான் ஆள் ஓட வேண்டும். அதனால் இதைப் பண நஷ்டம் என்று மட்டும் எங்களால் நினைக்க முடியவில்லை. பின்னால் பொருள்களைப் பிரித்தும் அளந்தும் பார்த்ததில் தெரிந்ததை அப்படியே எழுதுகிறோம். இதே பேச்சோடு உங்கள் ஊருக்கும் யாராவது வரலாம்.

முதலில் அந்த 30 கிலோமீட்டர். இந்த அலைவரிசைகளில் அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில்தான் போகும். பூமியின் வளைவு குறுக்கே வந்ததும் தூரம் முடிந்துவிடும். கணக்கு எளிது. இரண்டு ஆன்டெனாக்களின் உயரத்தையும் மீட்டரில் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் வர்க்கமூலம் கண்டு, கூட்டி, 4.12-ஆல் பெருக்குங்கள். வருவது கிலோமீட்டர். கையில் பிடித்த செட் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் என்றால், இரண்டு பேருக்கும் சேர்த்து 10 கிலோமீட்டர். அதுவும் ஒரு மரமோ சுவரோ இல்லாத பொட்டலில். 30 கிலோமீட்டர் வர வேண்டுமானால் இரண்டு பேரும் 13 மீட்டர் உயரத்தில் ஏறி நிற்க வேண்டும். வீடும் பனையும் தென்னையும் உள்ள ஊருக்குள் கைச் செட்டுக்கு ஒன்று முதல் இரண்டு கிலோமீட்டர் கிடைத்தாலே நல்ல செட். வாட்டைக் கூட்டினால் தூரம் கூடிவிடும் என்பதும் பாதிதான் உண்மை. வாட்டை நாலு மடங்கு ஆக்கினால் 6 டெசிபெல் (அலையின் பலம் எவ்வளவு கூடியது, குறைந்தது என்று சொல்லும் அலகு) ஏறும், அவ்வளவே. ஆன்டெனாவைத் தெரு மட்டத்திலிருந்து 12 மீட்டர் தூக்கினால் அதைவிட அதிகம் கிடைக்கும்.

சரி, ஒரு கிலோமீட்டருக்குள்ளேயே ஏன் கேட்கவில்லை? இதற்குக் காரணம் கவனக்குறைவான புரோகிராமிங். எட்டில் மூன்று செட்டில் டோன், அதாவது பேச்சோடு சேர்த்துச் செட் அனுப்பும் அடையாள ஒலி, வேறு எண்ணில் இருந்தது. டோன் பொருந்தாவிட்டால் எதிராளி பேசுவது வந்து சேர்ந்தாலும் ஸ்பீக்கர் திறக்காது. இந்த டோனைத்தான் அவர் ‘ரகசியச் சேனல்’ என்று சொல்லித் தனிக் காசு வாங்கியிருக்கிறார். ரகசியம் ஒன்றும் கிடையாது. டோனை அணைத்து வைத்த எந்தச் செட்டிலும் நீங்கள் பேசுவது முழுதாகக் கேட்கும். இன்னும் இரண்டு செட் 25 கிலோஹெர்ட்ஸ் சேனல் அகலத்திலும் மற்றவை 12.5-லும் இருந்தன. அப்படி இருந்தால் ஒரு பக்கம் குரல் மெலிந்து போகும், மறுபக்கம் கரகரக்கும். இது போதாதென்று எல்லோரும் செட்டை இடுப்பில் சொருகிக்கொண்டு கழுத்து மைக்கில் பேசியிருக்கிறார்கள். ஈரமான மனித உடம்பு அலையை நன்றாகவே விழுங்கும். செட்டைக் கையில் எடுத்து, ஆன்டெனா நேராக மேலே பார்க்க, முகத்துக்கு முன் பிடித்துப் பேசுங்கள். காசு செலவில்லாமல் கிடைக்கும் பெரிய முன்னேற்றம் இதுதான்.

அடுத்தது கேபிள். இங்கேதான் பச்சையாக ஏமாற்றியிருக்கிறார். பில்லில் எழுதியிருப்பது ஆர்.ஜி.213, இழப்பு குறைந்த தடித்த கேபிள் வகை. மேல் உறையிலும் அப்படியே அச்சிட்டிருக்கிறது. உண்மையான ஆர்.ஜி.213 கேபிள் 10 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக, சுண்டுவிரல் பருமனில் இருக்கும். இவர் கொடுத்தது 5 மில்லிமீட்டர், அதாவது ஆர்.ஜி.58 என்ற மெல்லிய வகையின் பருமன். பிளேடால் உறையைக் கீறினால் உள்ளே வலைப்பின்னல் சல்லடை மாதிரி. இழைகளுக்கு நடுவே வெள்ளை இன்சுலேஷன் பல்லிளிக்கிறது. ஓர் இழையைச் சுரண்டினால் செம்பு நிறமே இல்லை. அலுமினியம். மாடியில் கனெக்டர் மாட்டிய முனையில் டேப் சுற்றாததால் மழைத் தண்ணீர் இறங்கி, ஒரு முழத்துக்குப் பின்னல் கறுத்துப் போயிருந்தது.

நல்ல ஆர்.ஜி.58 கேபிளே 446 மெகாஹெர்ட்ஸ் பக்கம் 30 மீட்டருக்குச் சுமார் 10 டெசிபெல் தின்னும். பத்தில் ஒரு பங்குதான் மேலே போய்ச் சேரும். 25 வாட் செட் என்று காசு வாங்கிவிட்டு ஆன்டெனாவுக்குக் கொடுப்பது இரண்டரை வாட். எதிர்ப்பக்கம் வரும் மெல்லிய குரலுக்கும் இதே கதிதான். அதே நீளத்துக்கு ஆர்.ஜி.213 என்றால் இழப்பு 5 டெசிபெல் அளவு, இழப்பு இன்னும் குறைந்த எல்.எம்.ஆர்.400 வகை என்றால் 3-க்கும் கீழே.

“எஸ்.டபிள்யூ.ஆர். 1.2 காட்டுதே, பாருங்கண்ணே” என்று மீட்டரை நீட்டியிருக்கிறார். இந்தத் தந்திரத்தைப் புரிந்துகொள்ளுங்கள், பலரும் ஏமாறுவது இதில்தான். ஆன்டெனா பொருந்தாவிட்டால் சக்தி மோதித் திரும்பி வரும். எவ்வளவு திரும்புகிறது என்பதைத்தான் அந்த மீட்டர் காட்டுகிறது; எண் 1-ஐ ஒட்டி இருந்தால் திரும்புவது குறைவு என்று பொருள். ஆனால் கேபிள் போகும்போது 10 டெசிபெல், வரும்போது 10 டெசிபெல் தின்றுவிட்டால் கீழே செட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மீட்டருக்கு எதுவுமே திரும்பி வராது. முள் சமர்த்தாக 1.2-இல் நிற்கும். சந்தேகம் தீர, மேலே ஆன்டெனாவையே கழற்றிவிட்டு, கேபிள் முனையை வெறுமனே விட்டு நானோ வி.என்.ஏ. என்ற, ஆன்டெனாவையும் கேபிளையும் சோதிக்கும் சிறு கருவியால் கீழிருந்து அளந்தோம். அப்போதும் 1.25. (செட்டால் அலைபரப்பி இப்படிச் சோதிக்கக் கூடாது. நல்ல கேபிளாக இருந்தால் திரும்பும் சக்தியில் அவுட்புட் டிரான்சிஸ்டர் எரியலாம். வி.என்.ஏ. அனுப்புவது மிகக் குறைவு, பயமில்லை.) எனவே அளப்பதை ஆன்டெனாவின் காலடியில், ஒரு மீட்டர் கேபிளோடு அளக்கச் சொல்லுங்கள். பிறகு கேபிளைத் தனியாக, ஒரு முனையில் 50 ஓம் டம்மி லோடும் (ஆன்டெனாவுக்குப் பதிலாகச் சக்தியை உள்வாங்கிக்கொள்ளும் பொருள்) வாட் மீட்டரும் மாட்டி, எத்தனை வாட் போய்ச் சேருகிறது என்று காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அந்த இடத்தை விட்டுக் கிளம்பிவிடலாம்.

ஆன்டெனா, 1.2 மீட்டர் வெள்ளை ஃபைபர் குழாய். ‘11 டி.பி.’ (11 டெசிபெல் பலம் கூட்டும்) என்று ஸ்டிக்கர். அடிமூடியைத் திருகிக் கழற்றி உள்ளே பார்த்தால், கனெக்டரில் பற்றவைத்த 16 சென்டிமீட்டர் செம்புக் கம்பி ஒன்று. அதற்கு மேல் ஒரு மீட்டர் வெற்றுக் குழாய். உண்மையான கோலினியர் (பல ஆன்டெனாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வகை) என்றால் கம்பி குழாயின் உச்சிவரை போகும், நடுவில் ஃபேஸிங் சுருளோ மாறிமாறி இணைத்த கேபிள் துண்டுகளோ இருக்கும். அப்படி இருந்தாலும் இந்த நீளத்துக்கு 11 வராது. ‘டி.பி.’ என்று மட்டும் போட்டு எதை ஒப்பிட்டது என்று எழுதாத ஆன்டெனாவை வாங்கவே வாங்காதீர்கள். எல்லாத் திசையிலும் சமமாகப் பரப்பும் கற்பனை ஆன்டெனாவோடு ஒப்பிடும் டி.பி.ஐ. கணக்குக்கும், டைபோல் என்ற எளிய ஆன்டெனாவோடு ஒப்பிடும் டி.பி.டி. கணக்குக்கும் 2.15 வித்தியாசம், பெரிய எண்ணைப் போடத்தான் எல்லோருக்கும் ஆசை.

பேஸ் செட்டுக்குக் கொடுத்தது சி.சி.டி.வி. கேமராவுக்குப் போடும் 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர். 25 வாட் செட் பேசும்போது 5, 6 ஆம்பியர் இழுக்கும். பட்டனை அழுத்தியதும் டிஸ்பிளே மங்கி செட் அணைந்து மீண்டும் எரிந்தது இதனால்தான். “கரண்ட்ல வோல்டேஜ் பத்தலண்ணே” என்று மின்வாரியத்தின் மேல் பழி போட்டிருக்கிறார். 13.8 வோல்ட், 10 ஆம்பியர் பவர் சப்ளை, 2.5 சதுர மி.மீ. வயர், அதில் ஃபியூஸ். இதற்குக் குறைந்து ஏற்காதீர்கள்.

இனி லைசென்ஸ். பணம் போனதைவிட இதுதான் எங்களைக் கவலைப்படுத்துகிறது, ஏனென்றால் பிடிபட்டால் முதலில் பதில் சொல்ல வேண்டியவர் கையில் செட் வைத்திருப்பவர். இந்தியாவில் கைச் செட்டுக்கு 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் தேவையில்லை, 2018 விதிகள்படி. ஆனால் அந்தச் செட்டின் மாடலுக்கு இ.டி.ஏ. என்ற வகை ஒப்புதல் இருக்க வேண்டும். இவர் விற்றவை எந்த அலைவரிசைக்கும் மாற்றக்கூடிய 5 வாட் செட்டுகள். அவர் போட்டுக் கொடுத்த எட்டுச் சேனலில் ஒன்றுகூட 446.0–446.2-க்குள் இல்லை. காட்டிய ‘சர்டிபிகேட்’ ஐரோப்பாவின் சி.இ. முத்திரை. இங்கே அது செல்லாது. மாடல் எண்ணைக் கேட்டு வாங்கி, தொலைத்தொடர்புத் துறையின் சரள் சஞ்சார் தளத்தில் இ.டி.ஏ. இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். ஆன்லைனில் வாங்குபவர்களுக்கும் இதுவே. அலைவரிசை, உரிமம், இ.டி.ஏ. விவரத்தை விற்பனைப் பக்கத்தில் காட்ட வேண்டும் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025-இல் வழிகாட்டுதல் போட்டிருக்கிறது. காட்டாத பக்கத்தில் வாங்காதீர்கள்.

எது போதும் என்று கேட்டால், கல்யாண வீட்டுக்கும் தேரோட்டத்துக்கும் ஒப்புதல் பெற்ற 446 மெகாஹெர்ட்ஸ் அரை வாட் செட்டே போதும். செட்டிநாட்டு வீடு முன்தெருவில் தொடங்கிப் பின்தெருவில் முடிவது. கனத்த சுண்ணாம்புச் சுவர்களை அலை துளைத்துப் போவதைவிட வாசல்களின் வழியாகப் போவது எளிது. முகப்பில் ஒருவர், வளவின் திறந்த முற்றத்தில் ஒருவர், அடுப்படியில் ஒருவர் என்று நின்றால் செய்தி தடையில்லாமல் போகும். வளவில் நிற்பவர் கைமாற்றிச் சொன்னால் பந்திக்கு இலை போடுவது வரை நடக்கும். பேஸும் மாடி ஆன்டெனாவும் இதற்குத் தேவையே இல்லை.

பொழுதுபோக்காகப் பேச மாடி ஆன்டெனா வேண்டும் என்பவர் ஹாம் (அமெச்சூர் வானொலி) தேர்வு எழுதி அழைப்புக்குறி வாங்கியவராக இருக்க வேண்டும். அவருக்கும் கடை வேலை, மண்டப வேலைக்கு ஹாம் அலைவரிசையைத் தொட உரிமை இல்லை. ஹாம்களின் 145 மெகாஹெர்ட்ஸுக்கு ஆன்டெனாவை விலைக்கு வாங்காமலே செய்யலாம். கேபிள் மாட்டும் எஸ்.ஓ.239 சாக்கெட் ஒன்று, நடுவில் 51 சென்டிமீட்டர் பித்தளைக் கம்பி, நாலு மூலைத் துளையில் 52 சென்டிமீட்டர் கம்பி நான்கு, கீழ்நோக்கி 45 டிகிரி வளைத்து. நடுக்கம்பி 49-க்கு அருகில் வந்து நிற்கும். வேண்டுமென்றே நீளமாக வைத்து, எஸ்.டபிள்யூ.ஆர். எந்த இடத்தில் குறைகிறது என்று பார்த்து, 2, 3 மில்லிமீட்டராக வெட்டுங்கள். ஒரு சென்டிமீட்டர் வெட்டினால் சுமார் 3 மெகாஹெர்ட்ஸ் மேலே நகரும், அவசரப்பட்டால் கம்பி வீண். கனெக்டர் மேல் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, கேபிளை வீட்டுக்குள் விடும் முன் கீழே ஒரு தொங்கல் விடுங்கள், ஐப்பசி அடைமழைத் தண்ணீர் உள்ளே வராமல் அங்கேயே சொட்டிவிடும். கம்பம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மின்கம்பியில் படாத தூரத்தில் நட வேண்டும். நம் செம்மண்ணும் செம்பூராங்கல்லும் கோடையில் காய்ந்தால் கம்பத்தின் எர்த் பிடிக்காது. குழியில் கரியும் உப்பும் போட்டுத் தண்ணீர் ஊற்றி வையுங்கள், அதை வீட்டு எர்த்தோடும் இணைத்துவிடுங்கள். இடி மழை நெருங்கும் முன்பே கேபிளைச் செட்டிலிருந்து கழற்றி வெளியே போடுங்கள்.

ஏற்கெனவே வாங்கி ஏமாந்தவர்கள் செட்டை அணைத்து பேட்டரியைக் கழற்றி வையுங்கள். இன்னொருவர் தலையில் கட்டாதீர்கள். பில், வாட்ஸ்அப் பேச்சு, கேபிளை ஸ்கேலோடு வைத்து எடுத்த படம், குழாயின் உட்புறப் படம் எல்லாவற்றையும் சேர்த்து, பணத்தைத் திருப்பக் கேட்டு எழுத்தில் கடிதம் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதன் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். வாங்கிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். பில் இல்லாமல் வாங்கியிருந்தால், பணம் அனுப்பிய வங்கிப் பதிவையாவது இன்றைக்கே எடுத்து வையுங்கள்.