வெள்ள நிவாரண முகாம்: பள்ளிக்கூடமா, கல்யாண மண்டபமா?

மேட்டூர் அணை 120 அடியைத் தொட்டு உபரி நீரைத் திறந்துவிட்டாலே பவானி, குமாரபாளையம், பள்ளிபாளையம் பக்கம் ஆற்றோரத் தெருக்காரர்களுக்குத் தூக்கம் போய்விடும். 2022 ஆகஸ்டில் 2 லட்சம் கனஅடிக்கு மேல் வந்தபோது எங்கள் தெருவுக்குள்ளும் காவிரி புகுந்துவிட்டது. முதலில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தார்கள், இடம் போதாமல் எங்களில் பாதிப் பேரை அப்புறம் ஒரு கல்யாண மண்டபத்துக்கு மாற்றினார்கள். இரண்டிலும் இருந்து பார்த்ததை எழுதுகிறேன், பெயர்கள் வேண்டாம்.

சாப்பாட்டில் குறையே இல்லை. வேளாவேளைக்குச் சூடாக வந்தது, குழந்தைகளுக்குப் பாலும் வந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் கேட்டதும் அதைத்தான், "சாப்பாடு சரியா வருதுங்களா?" வருதுங்க. கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் அது இல்லை. கழிவறை மைதானத்தின் கோடியில், லைட்டும் கிடையாது. தாழ்ப்பாள் இருந்த இடத்தில் ஆணி ஓட்டைகள் மட்டும்தான். ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி துப்பட்டாவை அந்த ஓட்டையில் கோத்து இழுத்துப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் செல்போன் டார்ச்சோடு வெளியே நிற்க வேண்டும். பொழுது சாய்ந்ததும் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார்கள். என் பக்கத்துப் பாயில் படுத்திருந்த, தறி ஓட்டும் அக்காவுக்கு நீர்க்கடுப்பு வந்து ராத்திரியெல்லாம் துடித்தார். ஒரு தாழ்ப்பாள் என்ன விலை இருக்கும், சொல்லுங்கள்!

தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் முகாம்களுக்கென்று குறைந்தபட்ச அளவுகோல் வைத்திருக்கிறது. ஆளுக்கு 3.5 சதுர மீட்டர் இடம், அதாவது கிட்டத்தட்ட 38 சதுர அடி. 30 பேருக்கு ஒரு கழிவறை, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனிக் கழிவறை, தனிக் குளியலிடம், பெண்களுக்கு நாப்கினும் அதைச் சுற்றிப் போடக் காகிதப் பையும். நாங்கள் இருந்த வகுப்பறையில் பாயை விரித்தால் நடக்க வழியில்லை, ஆண்களும் பெண்களும் ஒரே அறை, நடுவில் நாங்களே கட்டிய சேலைதான் மறைப்பு.

நாப்கின் வந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பிரெட், பிஸ்கட் கொடுத்த அதே மேசையில் அட்டைப்பெட்டியைப் பிரித்து வைத்து, "யாருக்கு வேணுமோ வந்து வாங்கிக்குங்க" என்று ஒரு தம்பி மைக்கில் அறிவித்தார். மாமனார், கொழுந்தனார் எல்லாரும் வரிசையில் நிற்கும்போது எந்தப் பெண் போய் வாங்குவாள்? சாயங்காலம் சுகாதாரத்துறை நர்ஸ் அக்கா ஒருவர் வந்து அதே பெட்டியை மாடிப்படிக்குக் கீழே கொண்டுபோய்ப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் பெட்டி காலி.

மண்டபம் வேறு மாதிரி. கல்யாண வீட்டுக்காரர்களுக்காகக் கட்டியது என்பதால் பெண்கள் பக்கம் தனிக் கழிவறை, உள்ளே தாழ்ப்பாள், ராத்திரி முழுக்க லைட், துணி அலசக் குழாய் எல்லாம் ஏற்கெனவே இருந்தன. மணமகள் அறையைக் கைக்குழந்தைக்காரிகளுக்கும் மாசமாக இருந்த ஒரு பெண்ணுக்கும் ஒதுக்கி, சாவியையும் அவர்களிடமே கொடுத்துவிட்டார் மேனேஜர். அந்த ஒரு காரியத்துக்கே அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம். பின்கட்டில் கயிறு கட்டித் தந்ததால் உள்ளாடையை ஈரத்தோடு மறுபடி போட வேண்டிய நிலைமை இல்லை.

மண்டபத்திலும் ஒரு குறை உண்டு. எங்கள் தெருவில் இருக்கும் திருநங்கை ஒருவர் எந்தப் பக்கம் படுப்பது என்று தெரியாமல் வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார், பொறுப்பாளர்களுக்கும் சொல்லத் தெரியவில்லை. கடைசியில் ஓர் ஆத்தாதான் "வா சாமி, எம்பக்கத்துல படு" என்று கூப்பிட்டுக்கொண்டார். ஒரு பாட்டியின் நல்ல மனசை நம்பி ஒரு முகாம் நடக்கக் கூடாது, பெயர் எழுதும்போதே அவரிடம் கேட்டு இடம் ஒதுக்கியிருக்க வேண்டும்.

இதெல்லாம் வசதி, சொகுசு சமாச்சாரம் இல்லைங்க. வங்கதேசத்தில் 1991 புயலில் ஆண்களைவிடப் பெண்கள் மிக அதிகமாக இறந்தார்கள். புகலிடத்துக்குப் போகப் பல பெண்கள் தயங்கியதும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, அங்கே நெரிசல், ஆண்களோடு ஒரே இடம். நீர்க்கடுப்பு வந்த அந்த அக்காவும் வீடு திரும்பியதும் சொன்னார், "அடுத்த வாட்டி நான் வரல கண்ணு, மொட்டை மாடியிலயே இருந்துக்கறேன்." ஆறு ஏறிவரும்போது அவர் அப்படி இருந்துவிட்டால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

மண்டபத்துக்கு ஐந்துக்கு நாலு, பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, அதுவும் சமையல்காரர்களுக்காக. ஆடி பிறப்பதற்கு முன்னால் யாராவது ஒரு கார்பென்டரையும் ஒரு எலக்ட்ரீஷியனையும் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினால் அரை நாள் வேலைதான். நகராட்சியில் மனு கொடுத்திருக்கிறோம், எங்கள் தெருப் பெண்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.