ராம் சிப்பின் எண்ணை வாசித்து வாங்குவது: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

நாகர்கோவில், மார்த்தாண்டம், தக்கலை பக்கம் டிடிபி கடைகளிலும் வீடுகளிலும் இன்டெலின் பழைய ஜி41 சிப்செட் கொண்ட மதர்போர்டுகள் இன்னும் ஓடுகின்றன. வளைகுடாவிலிருந்து ஊருக்கு வந்த பழைய லேப்டாப்களும் நிறைய. இவற்றுக்கு செகண்ட் ஹேண்டில் ராம் தேடும்போது மேலே ஒட்டிய ஸ்டிக்கரை மட்டும் நம்பினால் பாதி நேரம் காசு போகும். ஸ்டிக்கர் உரிந்திருக்கும், மாற்றி ஒட்டியிருப்பார்கள், அல்லது "4ஜிபி" என்பதோடு நின்றுவிடும். சிப்பின் மேல் லேசரில் பொறித்த எண்ணை வாசிக்கும் முறைதான் ஆண்டுக்கணக்கில் கைகொடுத்தது.

முதலில் எதை வாசிக்க வேண்டும் என்பது. சாம்சங் சிப்பில் கே4பி என்று தொடங்கினால் டிடிஆர்3 தலைமுறை ராம், கே4ஏ என்றால் அதற்கடுத்த டிடிஆர்4. அடுத்த இரண்டு எழுத்து ஒரு சிப்பின் கொள்ளளவு: 2ஜி, 4ஜி, 8ஜி. இது ஜிகாபிட், ஜிகாபைட் அல்ல. 8-ஆல் வகுக்க வேண்டும். அதற்கடுத்த 04, 08, 16 சிப்பின் அகலம், அதாவது ஒரே நேரத்தில் எத்தனை பிட் தரும் என்பது. கே4பி4ஜி0846 என்றால் 4 ஜிகாபிட், 8 பிட் அகலம். அப்படி 8 சிப் இருந்தால் 8 × 4 = 32 ஜிகாபிட், அதாவது 4ஜிபி. ராமின் மொத்த அகலம் 64 பிட் என்பதால் 8 பிட் சிப் எட்டு சேர்ந்தால் ஒரு ரேங்க், அதாவது ஒன்றாக இயங்கும் ஒரு முழுத் தொகுதி. பதினாறு இருந்தால் இரண்டு ரேங்க். 16 பிட் சிப் என்றால் நாலே போதும். ஸ்டிக்கரில் 1ஆர்எக்ஸ்8, 2ஆர்எக்ஸ்8 என்று அச்சிடுவது இதைத்தான். எண் பல வரியாக உடைந்து வரும், சேர்த்துப் படிக்க வேண்டும். பி-யும் 8-ம் மங்கிய பொறிப்பில் ஒன்றுபோலத் தெரியும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, போன் கேமராவில் படமெடுத்துப் பெரிதாக்கினால் பிரிந்து தெரியும்.

இந்தக் கணக்கு ஜி41 போர்டில்தான் அதிகம் உதவுகிறது. அந்த சிப்செட் 2 ஜிகாபிட் சிப் வரைக்கும்தான் ஏற்கும். ஆகவே 4ஜிபி ராம் என்றால் இரண்டு பக்கமும் 16 சிப் இருக்கிற, 2ஜி எண் போட்ட ராம் வேண்டும். 4ஜி சிப் எட்டு ஒட்டிய 4ஜிபி ராமைப் போட்டால் பெரும்பாலும் டிஸ்ப்ளே வராது, அல்லது கொள்ளளவு குறைத்துக் காட்டும். ராம் கெட்டதல்ல, போர்டும் கெட்டதல்ல. அதே ராம் பிறகு வந்த போர்டில் ஒழுங்காக ஓடும். இதைத் தெரியாமல் போர்டையே கழித்துவிடுகிறவர்கள் உண்டு என்பதுதான் வருத்தம்.

இன்னொரு பொறி, 4 பிட் சிப். கொள்ளளவு பெரியது, விலை குறைவு என்று வரும். அகலம் இருக்கும் இடத்தில் 04 இருந்தால் இன்டெல் டெஸ்க்டாப் போர்டுக்கு வாங்கவே கூடாது. சில ஏஎம்டி போர்டில் மட்டும் ஓடும், அதனால்தான் "ஏஎம்டிக்கு மட்டும்" என்று விற்கிறார்கள். சர்வரிலிருந்து கழற்றியதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்: ராமின் நடுவில் வேறு அளவில் ஒரு சிப் இருந்து, வரிசையில் 9 அல்லது 18 என்று எண்ணிக்கை வந்தால் அது ரெஜிஸ்டர்ட் ராம், சாதாரண டெஸ்க்டாப்பில் வேலை செய்யாது. 9 சிப் இருந்து நடுவில் அந்த சிப் இல்லையென்றால் இசிசி (பிழை திருத்தும் வசதி) மட்டும் உள்ள ராம். அது வேறு கதை, போர்டைப் பொறுத்தது.

லேப்டாப்பில் முக்கியம் வோல்டேஜ். 4ஆம் தலைமுறை இன்டெல் முதல் டிடிஆர்3 லேப்டாப்களில் பலவும் 1.35 வோல்ட் ராம்தான் கேட்கும், 1.5 வோல்ட்டுக்கு மட்டுமானதைச் செருகினால் கருப்புத் திரைதான். மறுபக்கம், 1.35 ராம் 1.5 வோல்ட்டிலும் ஓடும். சாம்சங்கில் கடைசிப் பகுதியில் ஒய் எழுத்து இருந்தால் 1.35 (ஒய்கே0), சி இருந்தால் 1.5 (சிகே0). மற்ற சிப் தயாரிப்பாளர்களில், ஹைனிக்ஸில் ஹெச்5டிசி 1.35, ஹெச்5டிக்யூ 1.5. மைக்ரானில் எம்டி41கே 1.35, எம்டி41ஜே 1.5. இந்த ஒரு எழுத்தைப் பார்க்காமல் லேப்டாப் ராம் வாங்காதீர்கள்.

வேகத்துக்கும் எழுத்துகள் உண்டு; வேகம் என்பது நொடிக்கு எத்தனை மில்லியன் முறை தரவு மாறுகிறது என்ற எண். சாம்சங் டிடிஆர்3-இல் எஃப்8 1066, ஹெச்9 1333, கே0 1600. டிடிஆர்4-இல் ஆர்சி 2400, டபிள்யூஇ 3200. ஹைனிக்ஸ் டிடிஆர்4-இல் யூஹெச் 2400, விகே 2666, எக்ஸ்என் 3200. மைக்ரானில் கணக்குப் போட்டே கண்டுபிடிக்கலாம்: எண்ணின் கடைசிப் பகுதியில் 125 என்றால் 1.25 நானோ விநாடி, 2000-ஐ அதால் வகுத்தால் 1600. ஆனால் மைக்ரான் சிப்பின் மேல் முழு எண் வராது. ஐந்தெழுத்துக் கொண்ட இரு வரிகள் இருக்கும், டி9 என்று தொடங்கும் வரியை அவர்கள் தளத்தில் உள்ள தேடலில் இட்டால் முழு எண் கிடைக்கும். தேதியையும் கவனிக்கலாம்: சாம்சங்கில் எஸ்இசி எழுத்துக்குப் பின் 340 என்றிருந்தால் 2013-இன் 40ஆம் வாரம். ஒரே ராமில் சிப்களின் வாரம் தாறுமாறாக மாறியிருந்தால் மறுபடி ஒட்டியதாக எண்ணி விலகிவிடுவது நல்லது.

இந்த முறை தோற்கும் இடமும் உண்டு. சில பிராண்டுகள் சிப்பின் மேல் தங்கள் குறியையே அச்சிடும். அதிலிருந்து உள்ளே யார் சிப் என்று தெரியாது. அப்போது எஸ்பிடியை, அதாவது ராமிலேயே பதிந்திருக்கும் அதன் விவரங்களைப் பார்க்கலாம்: சிபியு-இசட் மென்பொருளின் எஸ்பிடி பக்கம், லினக்ஸில் டிகோட்-டிம்ஸ் கட்டளை. எஸ்பிடியை மாற்றி எழுத முடியும் என்பதால் அதையும் முழுதாக நம்ப வேண்டாம். சிப் எண்ணிக்கையோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். பொறிப்பில் ஆல்கஹால் தொட்ட பஞ்சை அழுத்தித் தேய்த்ததும் எழுத்து கரைந்தால் மேலே அச்சிட்ட போலி. உண்மையான லேசர் பொறிப்பு அப்படிப் போகாது. வாங்கியதும் மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற ராம் சோதனை மென்பொருளை ஒரு முழுச் சுற்று ஓடவிடாமல் பணம் தீர்க்க வேண்டாம்.

டிடிஆர்4-இல் கவனிக்க வேண்டியது, நாலு சிப் மட்டும் உள்ள 8ஜிபி ராம். கே4ஏஏஜி165 என்ற 16 ஜிகாபிட் சிப் நாலு (கொள்ளளவு இடத்தில் ஏஜி என்றால் 16). வேலை செய்யும். ஆனால் 16 பிட் சிப்பில் பேங்க் குழு (சிப்பின் உள்ளே மாறி மாறி வேலை செய்யும் பிரிவு) இரண்டுதான், 8 பிட் சிப்பில் நான்கு. அதனால் தனித் திரை அட்டை இல்லாத, உள்ளமைந்த கிராஃபிக்ஸ் கம்ப்யூட்டரில் வேகம் குறைவாக உணரப்படும். விலை ஒன்றென்றால் எட்டு சிப் உள்ளதை எடுங்கள்.

கடைசியாகக் கடலோரத்துக்கே உரிய சங்கதி. குளச்சல், முட்டம், கன்னியாகுமரிப் பக்கத்து உப்புக்காற்றில் ராமின் பொன்பூச்சு விளிம்பில் பச்சை படிகிறது. டிஸ்ப்ளே வராத ராம்களில் சிப் எண் எல்லாம் சரியாக இருந்தும் ஏமாற்றுவது இதுதான். வெள்ளை அழிரப்பரால் விளிம்பின் நீளவாக்கில் அல்லாமல் மேலிருந்து கீழாக, ஒரே திசையில் தேய்த்து, தூளைத் தட்டி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து உலர விடவும். ஸ்லாட்டின் உள்ளேயும் பிரஷ் போடவும். துடைத்த பின்னும் செம்பு நிறம் தெரிந்தால் பொன்பூச்சு போய்விட்டது, அடுத்த மழைக்காலத்தில் பச்சை திரும்ப வரும். அந்த ராமை வாங்க வேண்டாம்.