நூலகம் தளம்: ஊர் வரலாறு எழுதுகிறவரின் பார்வையில்

யாழ்ப்பாணத்துக் கிராமங்களின் வாசிகசாலைகளைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்த வேலையில் நான் அதிகம் நம்பியிருப்பது நூலகம் தளத்தைத்தான். 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய மின்னூலகம் இது. காசு கட்டத் தேவையில்லை.

ஈழத்து நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள் எல்லாம் இருக்கின்றன. ஆனால் என் வேலைக்குப் பெரிய சொத்து சிறப்பு மலர்களும் நினைவு மலர்களும்தான். ஒருவர் காலமானால் வீட்டார் அச்சடித்துக் கொடுக்கும் 'கல்வெட்டு' பெரும்பாலும் கடையில் விற்பனைக்கு வராது. நூலகங்களும் தேடி வாங்குவது குறைவு. ஆனால் சனசமூக நிலையத்தில் யார் செயலாளராக இருந்தார், எந்தக் குடும்பம் மலாயாவுக்குப் போனது, யாருக்கு யார் உறவு என்பதெல்லாம் அதில்தான் கிடைக்கும். ஆண்டுமலர்களின் விளம்பரப் பக்கங்களைத் தவறவிடாதீர்கள். அந்தக் காலத்துக் கடைத்தெரு முழுக்க அங்கே இருக்கும்.

வேறொரு காப்பகத்தில் படம் எடுக்க விடாததால் பக்கம் பக்கமாகக் கையால் எழுதி எடுத்திருக்கிறேன். பிறகு சந்தேகம் வந்தால் மூலத்தைப் பார்க்க வழியில்லை. இன்றைக்கு எங்களில் பலர் முதலில் ஆவணங்களைச் சேர்த்துவிட்டு, அப்புறம் வீட்டில் ஆறுதலாக வாசிக்கிறோம். இந்தப் பழக்கத்துக்கு நூலகம் நன்றாகப் பொருந்துகிறது. கோப்பை முழுதாக இறக்கிக்கொள்ளலாம். ஒவ்வொன்றுக்கும் நூலக எண் உண்டு; அடிக்குறிப்பில் அதைக் கொடுத்தால் வாசகரும் அதே பக்கத்தைத் திறந்து சரிபார்க்கலாம். பல பதிவுகளில் உள்ளடக்கமும் தட்டச்சு செய்யப்பட்டிருப்பதால், பெரிய கோப்பை இறக்குமுன்பே உள்ளே என்ன கட்டுரை என்று தெரிந்துவிடும். இதற்குப் பின்னால் இருக்கும் உழைப்பை நினைத்தால் மனம் நிறைகிறது.

பல ஆவணங்களுக்கு எழுத்துணரியாக்கமும் (படத்தில் உள்ள எழுத்தைக் கணினி வாசித்து உரையாக்குவது, OCR) உண்டு. அதை மட்டும் நம்பித் தேடாதீர்கள். மங்கிய அச்சையும் பழைய வடிவ லை, னை எழுத்துகளையும் கணினி பிழையாக வாசிக்கக்கூடும். 'சனசமூக', 'சன சமூக' என இரண்டு விதமாகவும் போட்டுப் பாருங்கள். கிடைத்த பக்கத்தோடு நிற்காமல் முன்னும் பின்னும் புரட்டுங்கள். திருத்திய எழுத்துப்படியை ஆய்வாளர்களே திரும்பச் சேர்க்க எளிய வழி ஒன்று இருந்தால் என் போன்ற பலர் மனமுவந்து உதவுவோம். நான் வாசிக்கிற ஒவ்வொரு மலரையும் திருத்தித் தரத் தயார்.

ஒலிப்பதிவு, ஒளிப்படம், ஓலைச்சுவடி வேண்டுமென்றால் இவர்களின் ஆவணகம் தளத்துக்குப் போங்கள்.

1981இல் யாழ் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. ஒரே பிரதி ஒரே இடத்தில் இருப்பதன் ஆபத்தை எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. உங்கள் வீட்டு அலுமாரியில் பழைய கல்வெட்டோ பாடசாலை மலரோ கிடந்தால் ஸ்கேன் செய்ய உதவி கேட்டு நூலகம் தளத்தாருக்கு எழுதுங்கள். அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, விளம்பரப் பக்கங்களையும் சேர்த்தே கொடுங்கள்.