விண்டோஸ் 11 செற்றப்: போட்டு முடிந்த பிறகும் ஏன் திரும்ப வருகிறது?

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. பழைய லப்டொப்புகளுக்கு 11 போடுகிறவர்கள் சொல்லும் முறைப்பாடு பெரும்பாலும் ஒன்றுதான்: "எல்லாம் ஏறி முடிஞ்சுது, ஆனா செற்றப் திரும்பத் திரும்ப வருது." இந்த ஒரு வசனத்துக்குள் குறைந்தது நாலு வேறு வருத்தங்கள் இருக்கின்றன. மைக்ரோசொப்டின் நிறுவி கோப்புகளை நன்றாகவே இறக்கிவைக்கிறது. எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று சொல்வதில்தான் படுமோசம். அதனால் தேவையில்லாமல் இரண்டாம், மூன்றாம் தரமும் போட்டுப் பார்க்கிறார்கள்.

முதலாவது, மிக இலேசானது. 8 ஜிபி பென் ட்ரைவில் மைக்ரோசொப்டின் மீடியா கிரியேஷன் டூல் கொண்டு செற்றப்பை எழுதி, பயோசில் (ஒன் பண்ணியதும் எதிலிருந்து தொடங்குவது என்று தீர்மானிக்கும் அமைப்பு) யுஎஸ்பியை முதலாவதாக வைத்துப் போடுகிறோம். கோப்புகள் ஏறி முதல் தரம் றீஸ்டார்ட் ஆகும்போது, பென் ட்ரைவ் செருகியபடி இருந்தால் கொம்பியூட்டர் திரும்ப அதிலேயே போய் நிற்கும். மொழி கேட்கும் முதல் திரை மறுபடி வந்தால் இதுதான் காரணம். இன்ஸ்டோலை அழுத்த வேண்டாம். ஓவ் பண்ணி, பென் ட்ரைவைக் கழற்றி, ஒன் பண்ணினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். தேவையானதெல்லாம் அப்போது டிஸ்கில் இருக்கும். பயோஸ் ஒழுங்கையே மாற்றாமல் ஒருதடவைக்கான பூட் மெனுவைப் பாவிப்பது இன்னும் நல்லது. ஒன் பண்ணியவுடன் அழுத்தவேண்டிய விசை, டெல், லெனோவோ என்றால் எஃப்12, எச்பி என்றால் எஃப்9, அசூஸ் லப்டொப் என்றால் எஸ்கேப். இது விளங்காமல் டிஸ்கின் வேறு பகுதியில் (பார்ட்டிஷன்) இரண்டாம் தரம் போட்டவர்களுக்குத்தான் ஒன் பண்ணும்போது இரண்டு விண்டோஸ் காட்டி எதைத் திறக்க என்று கேட்கும்.

இரண்டாவது, கரண்டோடு சம்பந்தப்பட்டது. யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டொப், பற்றரி செத்த லப்டொப் இரண்டிலும் இது நடக்கும். ட்ரைவர்களை ஒழுங்குபடுத்தும் கட்டத்தில் கரண்ட் போனால், கொம்பியூட்டர் எதிர்பாராமல் றீஸ்டார்ட் ஆகிவிட்டது, நிறுவலைத் தொடர முடியாது என்ற பெட்டி வரும். ஓகே அழுத்தினால் றீஸ்டார்ட், பிறகு அதே பெட்டி. அந்தப் பெட்டி நிற்கும்போதே ஷிப்ட்டும் எஃப்10உம் அழுத்துங்கள் (பல லப்டொப்புகளில் எஃப்என் விசையும் சேர்க்கவேண்டும்). வரும் கறுப்புத் திரையில் ரெஜ்எடிட் (regedit) என்று அடித்து விண்டோசின் உள்ளமைப்புப் பதிவான ரெஜிஸ்ட்ரியைத் திறந்து, லோக்கல் மெஷின் (HKEY_LOCAL_MACHINE), சிஸ்டம், செற்றப், ஸ்டேட்டஸ், சைல்ட் கம்ப்ளீஷன் (ChildCompletion) என்று உள்ளே போங்கள். வலப்பக்கத்தில் செற்றப் டொட் எக்ஸ்இ (setup.exe) என்பதன் பெறுமதி 1 என்று இருந்தால் 3 ஆக்கி, மூடி, ஓகே கொடுங்கள். அந்தக் கட்டம் முடிந்துவிட்டது என்று நிறுவிக்குச் சொல்லும் குறுக்குவழிதான் இது. உண்மையிலேயே அரைகுறையாக நின்ற வேலையை இது திருத்தாது. டெஸ்க்டொப் வந்தாலும், விண்டோஸ் கோப்புகள் பழுதா என்று சோதிக்கும் எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் (sfc /scannow) கட்டளையை ஓடவிட்டுப் பாருங்கள். கரண்ட் போகாமலே இந்தப் பெட்டி வந்தால் ரெஜிஸ்ட்ரியை விட்டுவிட்டு ராமையும் டிஸ்கையும் சோதியுங்கள். விண்டோஸ் ஃபோல்டருக்குள் பாந்தர் (Panther) என்றொரு ஃபோல்டர் இருக்கும், அதிலுள்ள செற்றப்எர் லொக் (setuperr.log) என்ற பிழைப்பதிவுக் கோப்பில் காரணம் எழுதியிருக்கலாம்.

பழைய ஹார்ட் டிஸ்கில் சதவீதம் ஒரே எண்ணில் நெடுநேரம் நிற்கும். டிஸ்க் லைற் மினுங்கிக்கொண்டிருந்தால் கைவைக்க வேண்டாம்.

மூன்றாவது, நெட்வேர்க் கேட்கும் பக்கம். வைஃபை ட்ரைவர் செற்றப்புக்குள் இல்லாவிட்டால் பட்டியல் வெறுமையாக இருக்கும், அடுத்த பக்கத்துக்கும் விடாது. இன்ரநெற் இல்லாமல் தாண்ட முன்பு இருந்த வழிகளை மைக்ரோசொப்ட் ஒவ்வொன்றாக அடைத்து வருகிறது. எளிய வழி, அன்ட்ராய்ட் போனைக் கேபிளால் கொழுவி போனின் இன்ரநெற்றைக் கொம்பியூட்டருக்குக் கொடுக்கும் யுஎஸ்பி டெதரிங்கைப் போடுவது. அதற்கான ட்ரைவர் விண்டோசிலேயே உண்டு. ஆனால் நெட் கிடைத்த உடனே அப்டேற்றும் இறங்கத் தொடங்கும். யாழ்ப்பாணத்தில் திருநெல்வேலிப் பக்கம் வாடகை அறையில் போன் டேற்றாவை நம்பியிருக்கும் கம்பஸ் பிள்ளைகள் ரூட்டர் உள்ள வீட்டில் வைத்துப் போடுவது மேல்.

டெஸ்க்டொப் எல்லாம் வந்து, சில நாள் கழித்து "சாதனத்தை அமைத்து முடியுங்கள்" என்று முழுத்திரையில் வருவது செற்றப்பே அல்ல, விளம்பரம். வன்ட்ரைவ் (OneDrive) இணையச் சேமிப்பும் மைக்ரோசொப்ட் 365உம் விற்கப் பார்க்கிறார்கள். செற்றிங்சில் சிஸ்டம், நொட்டிஃபிகேஷன்ஸ் போய், அடியில் அடிஷனல் செற்றிங்சைத் திறந்து அங்குள்ள சரி அடையாளங்களை எடுத்துவிட்டால் போதும். காசு கொடுத்து வாங்கிய இயங்குதளத்தில் இதற்கு ஒரு புள்ளியும் கொடுக்க முடியாது.

கடைசி வகையை எத்தனை தரம் போட்டாலும் தீர்க்க முடியாது. ஜேர்மனி, பிரான்சிலிருந்து வரும் பாவித்த லப்டொப்புகளில் விசைப்பலகை வேறு என்பது தெரிந்ததுதான். செற்றப்பில் அந்தந்த நாட்டு விசைப்பலகையைத் தெரிவுசெய்யாவிட்டால் ஜேர்மன் லப்டொப்பில் இசட்டும் வையும், பிரெஞ்சில் ஏயும் க்யூவும் இடம்மாறி பாஸ்வேர்ட் பிழைக்கும். அது சின்ன விசயம். நெட் கிடைத்ததும் ஏதோ ஒரு கம்பனியின் பெயரைக் காட்டி அவர்களுடைய கணக்கைக் கேட்டால், அந்த மெஷின் ஓட்டோபைலட்டில், அதாவது கம்பனிகள் தங்கள் கொம்பியூட்டர்களைப் பதிந்துவைக்கும் மைக்ரோசொப்ட் சேவையில், பதிந்தது. பதிவு மைக்ரோசொப்டின் சேவரில் இருக்கிறது, டிஸ்கில் அல்ல. டிஸ்கைத் துடைத்தாலும், புது எஸ்எஸ்டி மாற்றினாலும் திரும்ப வரும்; அந்தக் கம்பனிதான் நீக்கவேண்டும். பாவித்தது வாங்கும்போது, விற்பவர் முன்னாலேயே விண்டோசை றீசெற் பண்ணுவித்து, நெட்டும் கொடுத்து, டெஸ்க்டொப் வரும்வரை பாருங்கள். பிறகு காசைக் கொடுங்கள்.