ரைனோ 8, கிராஸ்ஹாப்பர், லேடிபக்: புதுச்சேரி மேற்குச் சுவரில் வைத்து ஒரு மதிப்பீடு

ரைனோ என்ற முப்பரிமாண வரைவு மென்பொருளுக்குள் இயங்கும் கிராஸ்ஹாப்பர் என்றதும் வளைந்து நெளியும் கோபுரப் படங்கள்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். புதுச்சேரியிலும் கடலூரிலும் ஆயிரம், ஆயிரத்து இருநூறு சதுர அடியில் வீடு வரைந்து தரும் அலுவலகத்துக்கு அந்தப் படங்களால் ஆவது ஒன்றுமில்லை. மேற்குச் சுவரில் எத்தனை மணி நேரம் வெயில் அடிக்கும், சன்ஷேடு எவ்வளவு நீள வேண்டும், ஓட்டைச் சுவரான ஜாலியில் எவ்வளவு இடைவெளி விடலாம் என்பவைதான் இங்கே கேள்விகள். இவற்றுக்கு இந்த மென்பொருள் பயன்படுமா என்று மட்டும் பார்ப்போம். பயன்படும், நன்றாகவே பயன்படும். ஆனால் எதை அதனிடம் கேட்கக் கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் விலை. ரைனோ நிரந்தர உரிமமாகக் கிடைக்கிறது, ஆண்டுச் சந்தா இல்லை. அமெரிக்க விலை 995 டாலர், மாணவர்களுக்கு 195 டாலர். கிராஸ்ஹாப்பர் 2018-ல் வந்த ரைனோ 6 முதல் உள்ளேயே இருக்கிறது. வெயில் கணக்குக்கான லேடிபக் இலவசம். 90 நாள் சோதனைப் பதிப்பில் எல்லாம் வேலை செய்யும். அதன்பின் கோப்பைச் சேமிக்க முடியாது.

கிராஸ்ஹாப்பரில் நாம் வரைவது கோடுகளை அல்ல, கோடுகளுக்கு இடையிலான உறவை. ஜன்னல் உயரத்தை மாற்றினால் சன்ஷேடு தானே நீளும், லூவர் (வெயில் மறைக்கும் பலகை) எண்ணிக்கை தானே கூடும். இந்த எண்ணம் கணினியோடு பிறந்ததும் அல்ல. இத்தாலியக் கட்டடக்கலைஞர் லூயிஜி மொரெட்டி 1940-களிலேயே ‘பாராமெட்ரிக் கட்டடக்கலை’ என்று பேசத் தொடங்கிவிட்டார். நம் ஊரில் அதற்கு நல்ல சான்று அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்ட் விடுதி. கட்டடக்கலைஞர் அன்டோனின் ரேமண்ட் வடிவமைக்க, ஜார்ஜ் நகாஷிமாவும் பிரான்டிஷேக் சாமரும் இங்கேயே தங்கி வேலையை நடத்தினார்கள். நீளவாட்டு முகங்கள் வடக்கும் தெற்கும் பார்க்க, அவை முழுவதும் திருப்பக்கூடிய கிடை லூவர்கள். வெயிலும் காற்றும் அந்த முகப்பின் வடிவத்தைத் தீர்மானித்தன. கிராஸ்ஹாப்பர் செய்வதும் அதுதான், வேகமாக.

இப்போது கணக்கு. புதுச்சேரி 11.93 பாகை வடக்கு. ஏப்ரல் 21, ஆகஸ்ட் 21 வாக்கில் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு மேல் நிற்கும். இடைப்பட்ட நான்கு மாதமும் நண்பகல் வெயில் வடக்கிலிருந்து விழும். வடக்குச் சுவரில் வெயிலே படாது என்று நினைத்து அங்கே சன்ஷேடைக் குறைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஜூன் 21 அன்று நண்பகலில் சூரியன் 78.5 பாகை உயரத்தில் இருப்பதால், 1.2 மீட்டர் ஜன்னலுக்கு 25 செ.மீ. நீட்டினாலே நண்பகலுக்குப் போதும். ஆனால் அன்று சூரியன் உதிப்பது நேர்கிழக்கிலிருந்து 24 பாகை வடக்கே தள்ளி. காலையிலும் மாலையிலும் வடக்கு முகத்தில் சாய்வாக அடிக்கும் வெயிலுக்கு நிற்கும் பலகைதான் மறைப்பு. தெற்கில் டிசம்பர் 21 நண்பகல் உயரம் 54.6 பாகை. வழக்கமான 2 அடி சன்ஷேடு அந்த ஜன்னலில் மேல் 86 செ.மீ.க்கு மட்டும் நிழல் தரும்.

மேற்கில்தான் சிக்கல். ஏப்ரல் 21 மாலை 4.10-க்குச் சூரியன் 31 பாகை உயரத்தில், கிட்டத்தட்ட நேர்மேற்கில் இருக்கும். 1.2 மீட்டர் ஜன்னலை முழுதாக மறைக்கச் சன்ஷேடு ஏறக்குறைய 2 மீட்டர் நீள வேண்டும். யாரும் கட்டப்போவதில்லை. 10 செ.மீ. ஆழமுள்ள கிடைப் பலகைகளை 6 செ.மீ. இடைவெளியில் வைத்தால் அதே மறைப்பு கிடைக்கும். ஒரு மணி நேரம் கழித்து 17 பாகைக்கு இறங்கும்போது அந்த இடைவெளி 3 செ.மீ.க்குச் சுருங்க வேண்டும், அறை இருண்டுவிடும். சாய்க்கக்கூடிய லூவர் ஏன் தேவை என்பது இந்த இரண்டு எண்களிலேயே தெரிகிறது. லேடிபக்கில் ஸ்லைடரை நகர்த்தி ஐந்து நிமிடத்தில் வாடிக்கையாளருக்கே இதைக் காட்டிவிடலாம். இந்தத் தொகுப்பில் எங்களுக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

செய்முறை நீளமில்லை. இருப்பிடத்தில் 11.93, 79.83, நேர மண்டலம் 5.5 என்று கொடுங்கள். 5.5-ஐ விட்டுவிட்டால் வரைபடம் பார்க்க அழகாக வரும், நேரம் மட்டும் தப்பாக இருக்கும். பிறகு சூரியப் பாதையை வரையும் சன்பாத், அதிலிருந்து சூரியத் திசைகள், அவற்றை நேரடி வெயில் மணி நேரக் கணக்குக்கு இணைப்பது. கணக்கிடும் கட்டத்தின் அளவை 10 செ.மீ. வையுங்கள், ஒரு மீட்டர் வைத்தால் ஜாலியின் ஓட்டையே கணக்கில் வராது. பக்கத்து வீட்டைச் சூழலாகச் சேர்க்க மறக்காதீர்கள். குறுகலான தெருவில் எதிர்வீட்டு மாடியே பெரிய சன்ஷேடு. வடக்குத் திசையையும் சரிபாருங்கள்: புதுச்சேரியின் பழைய நகரத் தெருக்கள் கரையின் சாய்வோடு சாய்ந்தவை, நேர்வடக்கு அல்ல. இந்தக் கணக்கு சாதாரண மடிக்கணினியிலேயே ஓடும்.

வெப்பக் கணக்குக்கு வானிலைக் கோப்பு வேண்டும். பலரும் போடுவது சென்னைக் கோப்பு. அது மீனம்பாக்கத்து அளவு. வெப்பத்துக்கு ஓரளவு பொருந்தும். கடற்காற்றுக்கு அதை நம்பி ஜன்னல் வைக்க வேண்டாம். சாரல் மழையைப் பற்றி லேடிபக்குக்கு எதுவும் தெரியாது. 2024 நவம்பர் 30 அன்று கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியில் ஒரே நாளில் ஏறக்குறைய 48 செ.மீ. கொட்டியது. வெயில் கணக்கில் அருமையாக வந்த கிழக்கு ஜாலி, வடகிழக்குப் பருவமழையில் கூடத்தை நனைத்துவிடும். ஓட்டையின் அடித்தளத்தை வெளிப்புறம் சரிய விடுவது வரைபவர் தாமே சேர்க்க வேண்டிய வேலை.

அடுத்தது கல். 3 மீட்டர் சுவரை 14 பாகமாகப் பிரி என்றால் கிராஸ்ஹாப்பர் ஒரு துண்டுக்கு 21.43 செ.மீ. தரும். அப்படி ஒரு ஜாலிக் கல் சூளையில் இல்லை. 20 செ.மீ. கல்லும் 1 செ.மீ. கலவையுமாக 21 செ.மீ. அளவை முதலில் உள்ளீடாகக் கொடுத்து, சுவரை அதற்கு ஏற்ப நீட்டுங்கள்: 15 கல் அகலம், 12 வரி உயரம், அதாவது 3.15-க்கு 2.52 மீட்டர், 180 கல். கொட்டேஷனும் அதிலேயே வந்துவிடும்.

ஒன்றைப் போல ஒன்று இல்லாத ஆயிரம் துண்டுகளைச் செய்யக் கணினிக்குக் கூடுதல் செலவில்லை என்பது இந்தத் துறைக் கோட்பாட்டின் மையக் கருத்து. 2006-ல் சுவிட்சர்லாந்தின் கான்டன்பைன் ஒயின் ஆலைக்கு, கிராமாசியோ, கோலர் என்ற கட்டடக்கலைஞர்களின் குழு ஒவ்வொரு செங்கல்லையும் தனிக் கோணத்தில் ரோபோவால் அடுக்கியது. ரோபோவுக்கு அது உண்மை. சாரத்தில் நிற்கும் கொத்தனாருக்கு உண்மையில்லை. ஒவ்வொரு புதிய கோணமும் அவர் ஒருமுறை கீழே இறங்கி வரைபடத்தைப் பார்ப்பதற்குச் சமம். இங்கே செலவு வெட்டுவதில் இல்லை, படித்துப் புரிந்துகொள்வதில் இருக்கிறது. ஆகவே கோணங்களை 0, 10, 20, 30 என நான்கோடு நிறுத்தி, நான்கு பிளைவுட் அச்சு வெட்டிக் கொடுங்கள். வரிக்கு வரி எண் எழுதிய ஒரு தாள் போதும். தூரத்திலிருந்து பார்க்கும் கண்ணுக்கு நாற்பது கோணத்துக்கும் நான்குக்கும் பெரிய வேறுபாடு தெரியாது.

கிராஸ்ஹாப்பரின் உள்ளேயே வரும் கங்காரு என்ற பகுதி, தொங்கும் சங்கிலியைத் தலைகீழாக்கி வளைவு கண்டுபிடிக்கும். ஆரோவில் மண்கல் வளைவுகளைப் பார்த்து ஆசைப்படுபவர்களுக்குப் பழக நல்ல கருவி. ஆனால் அது வடிவம் மட்டும் தரும். சுமை இறங்கும் வழியான அழுத்தக் கோடு வளைவுக் கனத்தின் நடு மூன்றில் ஒரு பங்குக்குள் போகிறதா என்று சொல்லாது. காற்றுச் சுமைக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 875 மூன்றாம் பாகம் இந்தக் கரைக்கு வைத்திருக்கும் நொடிக்கு 50 மீட்டர் காற்றும் அதற்குத் தெரியாது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயலைக் கண்ட ஊரில், கட்டமைப்புப் பொறியாளர் பார்க்காமல் அந்த வளைவைக் கட்டக் கூடாது.

தகராறுகள் சில. சர்வே கோப்பு யுடிஎம் 44 வடக்கு என்ற நில அளவை ஆயமுறையின் எண்களில் வந்தால் வரைபடம் மூலப்புள்ளியிலிருந்து 13 லட்சம் மீட்டர் தள்ளி நிற்கும். மெஷ் (பரப்பைக் குறிக்கும் வலை) கிழியும், நிழல் பிசகும். முதல் வேலையாக மூலப்புள்ளிக்கு நகர்த்துங்கள். இரண்டு பட்டியல்களின் நீளம் பொருந்தாவிட்டால் கிராஸ்ஹாப்பர் எச்சரிக்காமல் குட்டைப் பட்டியலின் கடைசி எண்ணையே திரும்பத் திரும்பப் போடும். சுவரின் கடைசிக் கற்கள் எல்லாம் ஒரே கோணத்தில் நின்றால் காரணம் இதுதான். இணையத்திலிருந்து இறக்கிய செருகுநிரல் ஏற்றப்படாவிட்டால், விண்டோஸில் அந்தக் கோப்பின் பண்புகளில் தடையை நீக்கிப் பாருங்கள். அனுமதிக்கான இருபரிமாண வரைபடங்களுக்கு ஆட்டோகேட் அளவுக்கு ரைனோ வசதியில்லை. அதை விற்றுவிட்டு இதை வாங்க வேண்டாம்.

சோதனைப் பதிப்பை நிறுவும் நாளில் கையில் ஒரு நிஜ மேற்குச் சுவரின் அளவும், அருகிலுள்ள கடையில் கிடைக்கும் ஜாலிக் கல்லின் அளவும் இருக்கட்டும். 90 நாள் என்பது அந்த ஒரு சுவரை வரைந்து, அச்சு வெட்டி, இரண்டு வரி கட்டிப் பார்க்கத் தாராளம்.